சாப் காரின் எழுச்சியும் வீழ்ச்சியும்

சுவீடன் நாட்டின் லிங்ஷோப்பிங் நகரிலே 1947ஆம் ஆண்டு யூன் 10ஆம் நாள் விமானக் கம்பனி ஒன்று பத்திரிகையாளரை அழைத்து, தான் உருவாக்கிய மோட்டார் கார் ஒன்றை அவர்கள் முன் நிறுத்தியது. அதற்குமுன் அக்கம்பனி கார் எதனையும் செய்ததில்லை. விமானங்களே அதன் உற்பத்திப் பொருள்கள். வந்திருந்தோர் கண்ட வண்டியும் அவர்கள் தெருவிலே கண்டு பழகிய வண்டிகளை ஒத்திருக்கவில்லை. முகம் தாழ்ந்து, முதுகு உயர்ந்து, பின்புறம் மெல்லென வழிந்து முடியும் அதன் உருவம் கிடையாக வைத்த நீர்த்துளியொன்றை நினைவூட்டியது. சில்லுகளின் ஒரு பகுதியை உடற்றகடு மறைத்திருந்தது. விமான இறக்கையொன்றைக் குறுக்கே அரிந்து பார்த்தாற்போன்ற பக்கத்தோற்றம் அது. கம்பனியின் பெயர் ஸ்வென்ஸ்கா ஏரோப்பிளான் அக்தியபொலாகெட். அப்பெயரின் முதலெழுத்துக்கள் சேர்ந்தே 'சாப்' என்றாயின.

அறுபத்து நான்கு ஆண்டுகளின் பின்னர், 2011ஆம் ஆண்டு டிசெம்பர் 19ஆம் நாள், சாப் கார்க் கம்பனி தன்னை வங்குரோத்தானதென அறிவிக்கும்படி நீதிமன்றத்திடம் வேண்டியது. வேண்டுகை அன்றே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கார்த் தொழிலின் வரலாற்றிலே தோன்றி மறைந்த பெயர்கள் பல நூறு. அவற்றுட் பெரும்பாலானவை மறைந்தபோது எவரும் பெரிதாக வருந்தியதில்லை. சாப் மறைந்தபோதோ பல நாடுகளிலே மக்கள் உறவினர் ஒருவரை இழந்தாற்போலத் துயருற்றனர். இத்தனை அன்புக்கு உரியதாயிருந்த ஒரு பொருள் ஏன் அழிந்தது என்ற வினாவுக்கு வழமையாகக் கூறப்படும் விடை மிக எளிது. அது விசித்திரமான கார். விசித்திரத்தை விரும்புவோர் சிலரே. ஆகவே விற்பனை குன்றியது. ஆகவே கம்பனி அழிந்தது என்பர். இவ்விடையில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் சாப்பின் வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு இதனோடு சேர்த்துக் கருதவேண்டிய வேறோர் உண்மையும் புலனாகும். சாப்பின் விசித்திரங்கள் ஒவ்வொன்றும் தொடக்கத்தில் ஒரு தேவைக்கு விடையாகப் பிறந்தவை. காலப்போக்கிலே தேவை மறக்கப்பட்டு விசித்திரம் மட்டும் எஞ்சியது. அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சாப் விமானக் கம்பனி 1937ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. ஐரோப்பாவிலே போர்மேகம் சூழ்ந்துகொண்டிருந்த காலம் அது. நடுநிலை நாடாக இருக்க விரும்பிய சுவீடன், தன் வானத்தைத் தானே காக்கவேண்டுமாயின் தனக்கு வேண்டிய விமானங்களைத் தானே செய்யவேண்டும் என உணர்ந்தது. போர்க்காலத்தில் கம்பனி விரைந்து வளர்ந்தது. போர் முடிவுறும் தறுவாயில் விமானக் கட்டளைகள் குறையும் என்பது தெளிவாகியது. தேர்ந்த தொழிலாளரும் பொறியியலாளரும் தகட்டு வேலைக்கான எந்திரங்களும் கையிலிருந்தன. அவற்றுக்கு வேலை கொடுத்தாகவேண்டும். போருக்கு முன் சுவீடன் மக்கள் பெரிதும் விரும்பி வாங்கிய டி.கே.டபிள்யூ. முதலிய சிறிய ஜேர்மன் கார்களோ இனி வரப்போவதில்லை என்ற நிலை. இவ்விரு காரணங்களும் சேர்ந்து 1945ஆம் ஆண்டளவிலே ஒரு சிறிய கார்த் திட்டத்தைத் தோற்றுவித்தன. கம்பனியின் விமானத் திட்டங்கள் 90, 91 என எண்ணிடப்பட்டிருந்தமையால் காருக்கு 92 என்ற எண் கிடைத்தது. விமானங்களின் வரிசையிலேயே கார் வைக்கப்பட்டமை தற்செயலானதெனினும் பொருத்தமானது.

திட்டத்தின் தலைவராக இருந்தவர் குன்னார் யுங்ஸ்ட்ரோம் என்னும் பொறியியலாளர். உருவமைப்பைத் தந்தவர் சிக்ஸ்டன் சாசொன் என்னும் கலைஞர். தொடக்கக் குழுவிலிருந்த பதினாறு பேரில் இருவரிடம் மட்டுமே சாரதி அனுமதிப்பத்திரம் இருந்ததென ஒரு கதை வழங்குகிறது. கதையின் கணக்கு எவ்வாறாயினும் அதன் கருத்து பொருளற்றதன்று. கார் இவ்வாறுதான் இருக்கவேண்டும் என்ற முன்முடிவு அவர்களிடம் இருக்கவில்லை. காற்றை எதிர்த்துச் செல்லும் ஒரு பொருள் எவ்வடிவில் இருக்கவேண்டும், எடை குறைந்தும் உறுதி குறையாதும் அதனை எவ்வாறு ஆக்கலாம் என்பனவே அவர்கள் விமானத் தொழிலிலே பழகிய வினாக்கள். அவற்றையே காரிடமும் கேட்டனர். முதல் மாதிரி வண்டியின் காற்றுத் தடைக் குணகம் 0.32. பல்லாண்டுகள் கழித்து வந்த கார்களுட் பெரும்பாலானவைகூட அந்த அளவை எட்டவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

அதேவேளை, எல்லாவற்றையும் அவர்களே புதிதாகக் கண்டனர் எனக் கூறுதலும் பிழையாகும். டி.கே.டபிள்யூ. காரை அவர்கள் நுணுகி ஆராய்ந்தனர். முதல் மாதிரி வண்டியிலே அக்காரின் பழைய பாகங்களும் இடம்பெற்றன. முன்சில்லுகளை எஞ்சின் இயக்கும் முறை, ஈரடிப்பு எஞ்சின் ஆகிய இரண்டும் அவ்வழியே வந்தவை. பிறரிடம் பெற்றதைத் தம் நிலத்துக்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றியமையே சாப் பொறியியலாளரின் தனித்திறன்.

சாப் 92 காரின் உற்பத்தி 1949ஆம் ஆண்டு டிசெம்பரில் ட்ரொல்ஹெத்தான் நகரிலே தொடங்கியது. கோத்தா ஆற்றின் நீர்வீழ்ச்சியை அண்டி வளர்ந்த கைத்தொழில் நகரம் அது. அவ்வண்டியின் எஞ்சினுக்கு இரண்டே உருளைகள். கொள்ளளவு 764 கன சென்ரிமீற்றர். வலு 25 பரிவலு. முதலில் வந்த வண்டிகள் யாவும் பச்சை நிறத்தனவே. போர்க்காலத்தில் மிஞ்சிய விமான வர்ணப்பூச்சினாலேயே அவை பூசப்பட்டன என்று சொல்வர். பொருள்கள் வைக்கும் பின்னறைக்கு வெளிக்கதவு கிடையாது. பெட்டியை வைக்க விரும்புவோர் பின்னாசனத்தின் வழியேதான் வைக்கவேண்டும். கதவொன்றை வெட்டினால் உடலின் உறுதி குறையும், செலவும் கூடும் என்பது பொறியியலாளர் எண்ணம். வாங்கியோர் இதனை நெடுநாள் பொறுக்கவில்லை. 1953ஆம் ஆண்டு மாதிரியிலே கதவும் வந்தது, பின்கண்ணாடியும் பெரிதாயிற்று.

இக்காரை விளங்கிக்கொள்ள அது ஓடிய நிலத்தை விளங்கிக்கொள்ளவேண்டும். சுவீடனிலே ஆண்டின் பல மாதங்கள் பனியும் இருளும். காட்டினூடே செல்லும் வீதிகளிற் பல அக்காலத்திலே சரளைக்கல் வீதிகள். முன்சில்லுகளுக்கு மேலே எஞ்சினின் பாரம் அழுந்தி நிற்க, அச்சில்லுகளே வண்டியை இழுத்துச் செல்லுமாயின் பனியிலே வழுக்கல் குறையும். ஈரடிப்பு எஞ்சினுக்கு வால்வுகள் இல்லை. பின்னர் 1955ஆம் ஆண்டு வெளிவந்த சாப் 93 காரின் மூன்றுருளை எஞ்சினிலே அசையும் முக்கிய பாகங்கள் ஏழே எனக் கம்பனி பெருமையோடு சொல்லிக்கொண்டது. பாகங்கள் குறைந்தால் பழுதும் குறையும். அடுத்த ஊர் நெடுந்தொலைவிலுள்ள நாட்டிலே குளிர்காலத்து இரவில் வண்டி நின்றுபோவது சிறிய தொல்லையன்று, உயிருக்கே ஆபத்து.

ஈரடிப்பு எஞ்சினுக்கு அதற்கேயுரிய குறை ஒன்றுண்டு. அதன் உராய்வைத் தணிக்கும் எண்ணெய் தனியே ஓடுவதில்லை. பெற்றோலோடு கலந்தே உட்செல்கிறது. நெடிய இறக்கத்திலே சாரதி பெற்றோலை அடைத்துவிட்டு வண்டியை உருளவிட்டால், சில்லுகள் எஞ்சினை விரைவாகச் சுழற்றும். ஆனால் பெற்றோல் வராமையால் எண்ணெயும் வராது. எஞ்சின் உலர்ந்து கெட்டுவிடும். இதற்குச் சாப் கண்ட வழி எளியது. துவிச்சக்கரவண்டியிலே மிதியை நிறுத்தினாலும் சில்லு தன்பாட்டில் உருள்வது போல, காரிலும் சில்லுகள் எஞ்சினை இழுக்காது உருளும் பொறியொன்றை அமைத்தனர். வேறு கார்களிலிருந்து வந்தவர்க்கு இறக்கத்திலே எஞ்சின் பிடிக்காத இவ்வண்டி முதலில் அச்சத்தைத் தந்தது. பழகியவர்க்கோ ஒரு சுகம். இவ்வாறு ஒரு குறையின் பரிகாரம் நாளடைவிலே ஒரு காரின் குணமாயிற்று.

இக்குணங்கள் வேற்று நாட்டிலே எவ்வாறு காட்சியளித்தன என்பதற்குச் சுவையான சான்று ஒன்றுண்டு. அமெரிக்க நாவலாசிரியர் கேர்ட் வொனெகட், புகழ்பெறுமுன், ஐம்பதுகளின் பிற்பகுதியிலே மசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கேப் கொட் பகுதியில் சாப் கார் விற்பனை நிலையம் ஒன்றை நடத்தினார். பெற்றோல் நிரப்புந்தோறும் எண்ணெயையும் ஊற்றவேண்டும் என்பதை அமெரிக்கருக்கு விளக்குவது எளிதாக இருக்கவில்லை. வண்டியை நெடுநாள் நிறுத்திவைத்தால் எண்ணெய் அடியிலே தங்கிவிடும். பின்னர் எஞ்சினை முடுக்கும்போது புகை தெருவையே மறைக்கும். வியாபாரம் நொடித்தது. சாப் கார்களைப்பற்றித் தாம் கூறிய குறைகளாலேதான் சுவீடன் மக்கள் தமக்கு நோபெல் பரிசைத் தரவில்லை போலும் என அவர் முதுமையிலே நகைச்சுவையாக எழுதினார்.

ஆயினும் அந்தச் சிறிய புகைவண்டியே ஐரோப்பாவின் கடினமான வீதியோட்டப் போட்டிகளிலே பெரிய கார்களை வென்றது. எரிக் கார்ல்சன் என்னும் பேருடல் படைத்த சுவீடன் சாரதி, சாப் 96 காரிலே பிரித்தானியாவின் ஆர்.ஏ.சி. போட்டியை 1960, 1961, 1962 ஆகிய மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து வென்றார். மொன்டி கார்லோ போட்டியை 1962இலும் 1963இலும் வென்றார். போட்டிகளிலே வண்டியைத் தலைகீழாகப் புரட்டிவிடுவதும் அவர்க்கு வழக்கம். ஆதலால் 'கூரைமேற் கார்ல்சன்' என்ற செல்லப்பெயரும் பெற்றார். புரண்ட வண்டியின் கூரை நசுங்காமல் நின்றமை, வண்டியின் உறுதிக்கு எந்த விளம்பரமும் தரமுடியாத சான்றாயிற்று.

அறுபதுகளின் நடுவிலே ஈரடிப்பு எஞ்சினின் காலம் முடிந்துகொண்டிருந்தது. அதன் புகையும் எண்ணெய்க் கலவையும் வாங்குவோரை விலக்கின. புதிய எஞ்சின் ஒன்றை முற்றாகத் தானே ஆக்கும் வளம் சாப்பிடம் இருக்கவில்லை. ஆகவே ஜேர்மனியிலிருந்த ஃபோர்ட் தொழிற்சாலையின் நாலுருளை எஞ்சினை வாங்கி 1967ஆம் ஆண்டு மாதிரிகளிலே பொருத்தினர். சாப் 96 அந்த எஞ்சினோடு 1980ஆம் ஆண்டுவரை வாழ்ந்தது. பிறருடைய எஞ்சினைப் பெற்றமையால் அக்கார் தன் இயல்பை இழந்துவிட்டதாக எவரும் கருதவில்லை. எதை வாங்குவது, எதை வாங்கியபின் எவ்வாறு பொருத்துவது என்ற தீர்மானம் ட்ரொல்ஹெத்தானிலேயே எடுக்கப்பட்டது. பின்னால் நிகழ்ந்தவற்றோடு ஒப்பிடும்போது இவ்வேறுபாடு முக்கியமாகிறது.

1967ஆம் ஆண்டின் இறுதியிலே சாப் 99 அறிமுகமாயிற்று. சிக்ஸ்டன் சாசொன் உருவமைத்த கடைசிக் கார் அது. அதன் அறிமுகத்தைக் காணாமலே அவ்வாண்டு அவர் காலமானார். இக்காரிலேதான் சாப்பின் மிகப் புகழ்பெற்ற விசித்திரம் தோன்றியது. எஞ்சினை முடுக்கும் திறப்பு, சுக்கானின் அருகே இல்லாமல் இரு முன்னாசனங்களுக்கும் நடுவே தரையை அண்டி வைக்கப்பட்டது. புதியவர் திறப்புத் துளையைத் தேடித் தடுமாறுவதும் அறிந்தவர் புன்னகைப்பதும் சாப் உரிமையாளரிடையே ஒரு சடங்குபோல் ஆயிற்று. ஆனால் அது விளையாட்டுக்காக அங்கே வைக்கப்படவில்லை. விபத்திலே சாரதியின் முழங்கால் முன்னோக்கி மோதும்போது சுக்கானருகே துருத்திநிற்கும் திறப்பு மூட்டைச் சிதைக்கும். அத்தோடு, நடுவிலே இருந்த பூட்டு கியர்ப் பொறியையே பூட்டியது. பின்னோக்கிச் செல்லும் கியரிலே இட்ட பின்னரே திறப்பை வெளியே எடுக்கலாம். ஓடும்போது சுக்கான் பூட்டிக்கொள்ளும் ஆபத்து இல்லை; நிறுத்திய வண்டி சரிவிலே உருளும் ஆபத்தும் குறைவு.

அடுத்துவந்த ஆண்டுகளின் புதுமைகளும் இவ்வாறே காரணத்தோடு பிறந்தவை. பனிச்சேறு முன்விளக்கை மறைத்தால் வடநாட்டு இரவிலே வழி தெரியாது. ஆகவே 1970ஆம் ஆண்டு முன்விளக்குகளுக்கும் துடைப்பான்கள் வந்தன. உறைந்த ஆசனத்திலே அமர்வோர்க்கு முதுகுநோவு உண்டாகும். ஆகவே 1971ஆம் ஆண்டு சாரதியின் ஆசனத்துக்கு மின்வெப்பம் கொடுக்கப்பட்டது. மெதுவான மோதலிலே உள்வாங்கித் தானே பழைய வடிவுக்கு மீளும் முட்டுத்தாங்கியும் அதே காலத்தது. வீதியிலே குறுக்கிடும் பெருமானின் உடல் காரின் முன்கண்ணாடியிலே வந்து விழுவது சுவீடனில் அரிதன்று. அதனைத் தாங்குமாறு கூரைத் தூண்கள் வலிமையாக்கப்பட்டன.

எழுபதுகளிலே கம்பனி ஒரு பெரிய நெருக்கடியை எதிர்கொண்டது. அது 1969இலேயே ஸ்கானியா பாரவண்டிக் கம்பனியோடு இணைந்துவிட்டது. வலுமிக்க காரை விரும்புவோர்க்கு மற்றைய கம்பனிகள் ஆறு, எட்டு உருளை எஞ்சின்களைத் தந்தன. அத்தகைய எஞ்சினைப் புதிதாக ஆக்கச் சாப்பிடம் பணமில்லை. பேர் யில்பிராண்ட் என்னும் பொறியியலாளரும் அவருடைய குழுவினரும் வேறு வழி தேடினர். எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையைக்கொண்டு ஒரு சிறு சுழலியைச் சுழற்றி, அதன் மூலம் கூடுதலான காற்றை எஞ்சினுள்ளே செலுத்துவதே டேர்போ முறை. போட்டிக் கார்களும் சில ஆடம்பரக் கார்களும் அதுவரை அதனை உயர்ந்த வேகத்துக்காகப் பயன்படுத்தின. சாப் குழுவினர் சிறிய சுழலியைத் தேர்ந்து, அழுத்தம் மிகும்போது புகையைப் புறவழியாலே திருப்பும் வால்வை அமைத்து, அன்றாட ஓட்டத்திலே முன்செல்லும் வண்டியைப் பாதுகாப்பாக முந்துவதற்கு உதவுமாறு அதனை மாற்றினர். 1977ஆம் ஆண்டு பிராங்க்பேர்ட் கண்காட்சியிலே வைக்கப்பட்ட 99 டேர்போ, இரண்டு லீற்றர் எஞ்சினிலிருந்து 145 பரிவலுவைத் தந்தது. வறுமையின் வழியே வந்த இவ்விடைதான் சாப்பை உலகெங்கும் அறியச் செய்தது.

1978ஆம் ஆண்டு அறிமுகமான சாப் 900, எண்பதுகளிலே கம்பனியின் பொற்காலத்தை உண்டாக்கியது. பதினைந்து ஆண்டுகளிலே 9 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. ஆசிரியர், பேராசிரியர், கட்டடக் கலைஞர், மருத்துவர் முதலியோரின் கார் என்ற பெயர் அதற்கு வாய்த்தது. செல்வத்தைக் காட்டுவதிலும் சிந்தனையைக் காட்டுவதிலே விருப்புடையோர் அதனை நாடினர் எனலாம். இங்குதான் ஒரு மாற்றம் மெல்ல நுழைந்தது. பனிவீதியிலே வாழ்ந்த குடியானவன் முன்சில்லு இழுவையை அதன் பயனுக்காக வாங்கினான். கலிபோர்னியாவின் வெயிலிலே வாழ்ந்த பேராசிரியர் ஆசன நடுவிலிருந்த திறப்பை அதன் வேறுபாட்டுக்காகவும் விரும்பினார். வேறுபாடு ஒரு விலைப்பண்டமாயிற்று. விளம்பரதாரருக்கு அது பெரும்பேறு. பொறியியலாளருக்கு அது நன்மையா என்பதை எவரும் அப்போது கேட்கவில்லை.

பொற்காலத்திலும் கம்பனி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,30,000 கார்களையே செய்தது. புதிய மாதிரியொன்றை ஆக்கும் செலவு, பத்து இலட்சம் கார் செய்யும் கம்பனிக்கும் சாப்புக்கும் ஏறக்குறைய ஒன்றே. பங்கிடுவதற்குரிய வண்டிகளின் தொகைதான் வேறு. செலவைக் குறைக்கும்பொருட்டு ஃபியட், லான்சியா, அல்ஃபா ரோமியோ ஆகிய இத்தாலியப் பெயர்களோடு அடித்தளத்தைப் பகிர்ந்து 1984இலே சாப் 9000 ஆக்கப்பட்டது. ஆனால் சுவீடன் பொறியியலாளர் தம் மோதல் பாதுகாப்பு அளவுகளுக்கேற்ப அதனை வலுப்படுத்தப் புகுந்தமையால் எதிர்பார்த்த சிக்கனம் முற்றாகக் கிட்டவில்லை. மல்மோ நகரிலே பழைய கப்பல் தளத்தில் 1989ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய தொழிற்சாலை 1991ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது.

இந்நிலையிலே 1990ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி 60 கோடி டொலர் கொடுத்துச் சாப் கார்ப் பகுதியின் பாதியை வாங்கியது. மறுபாதியையும் 2000ஆம் ஆண்டிலே வாங்கி முழு உரிமை பெற்றது. ஜெனரல் மோட்டோர்ஸ் சாப்பை அழிக்க வந்ததெனச் சிலர் கூறுவது நியாயமன்று. பணமின்றி நின்ற கம்பனிக்கு அது இருபதாண்டு உயிர் கொடுத்தது. அதனுடைய தொழில் நியாயமும் தெளிவானது. ஒரே அடித்தளத்திலே பல பெயர்களைச் செய்தால்தான் இலாபம். அந்த நியாயத்தின்படி 1993ஆம் ஆண்டின் புதிய 900, ஓப்பல் வெக்ட்ரா காரின் அடித்தளத்திலே கட்டப்பட்டது. திறப்பு மட்டும் ஆசனங்களுக்கு நடுவிலேயே இருந்தது.

இதன்பின் வந்த ஆண்டுகளிலே இரு தரப்பாரிடமும் குறை இருந்தது. தலைமையகத்தின் கணக்காளர் பார்வையிலே ட்ரொல்ஹெத்தான் பொறியியலாளர் கீழ்ப்படியாதவர். கொடுத்த பாகத்தை அப்படியே பொருத்தாது மாற்றி மாற்றிச் செலவைக் கூட்டுபவர். பொறியியலாளர் பார்வையிலே தலைமையகம், கார் ஒன்று ஏன் அவ்வாறு செய்யப்படுகிறது என்பதை அறிய விரும்பாதது. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஜெனரல் மோட்டோர்ஸின் கீழிருந்த இருபது ஆண்டுகளிலே சாப் இலாபம் ஈட்டியவை மிகச் சிலவே. வேண்டிய முதலீடு உரிய வேளையில் கிடைக்கவில்லை. 1997ஆம் ஆண்டு வெளிவந்த 9-5 என்னும் கார், புதிய மாதிரி வராமையால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒப்பனை மாற்றங்களோடு விற்கப்பட்டது.

இம்முரண்பாட்டின் உச்சத்தை 2004, 2005ஆம் ஆண்டுகளிலே காணலாம். அமெரிக்கச் சந்தைக்கென இரு புதிய 'சாப்' கார்கள் அறிமுகமாயின. ஒன்று யப்பானின் சுபாரு இம்ப்ரெசா காருக்கு வேறு முகம் பொருத்தியது. 'சாபாரு' என மக்கள் அதனை எள்ளினர். மற்றது 9-7எக்ஸ் என்ற பெயரோடு வந்த செவ்ரோலே பெருவண்டி. உயர்ந்த உடலும் பாரமான அடிச்சட்டமும் பெற்றோலைக் குடிக்கும் எஞ்சினும் கொண்ட அவ்வண்டிக்கும், காற்றைப் பிளக்கும் நீர்த்துளியாகத் தொடங்கிய மரபுக்கும் உறவேதும் இல்லை. ஆயினும் அதனை ஆக்கியோர் ஒன்றை மறக்கவில்லை. திறப்புத் துளையைப் பெயர்த்தெடுத்து ஆசனங்களுக்கு நடுவே வைத்திருந்தனர்.

முழங்காலைக் காப்பதற்காகவும் கியரைப் பூட்டுவதற்காகவும் நடுவுக்கு வந்த திறப்பு, இப்போது வாங்குவோர்க்கு ஒரு நினைவை விற்பதற்காக அங்கே நின்றது. சாப் எப்போது அழிந்தது என்ற வினாவுக்கு நீதிமன்றம் தரும் நாள் ஒன்று. சாப்பை நேசித்தோர் தரும் நாள் இதுவாக இருக்கக்கூடும்.

2008ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடியிலே ஜெனரல் மோட்டோர்ஸே தள்ளாடியது. 2009 பெப்ரவரியிலே சாப் நீதிமன்றத்தின் பாதுகாப்பின்கீழ் மறுசீரமைப்பை நாடியது. கோனிக்செக் என்னும் சிறிய சுவீடன் கார்க் கம்பனி வாங்க முன்வந்து, நவம்பரிலே பின்வாங்கியது. டிசெம்பரிலே சாப்பை மூடிவிடப்போவதாக ஜெனரல் மோட்டோர்ஸ் அறிவித்தது. 2010 ஜனவரியிலே பல நாடுகளின் நகரங்களில் சாப் உரிமையாளர் தம் கார்களை அணிவகுத்து ஓட்டி அம்முடிவை மாற்றுமாறு கோரினர். காரொன்றின் உயிருக்காக அதனை வாங்கியோர் ஊர்வலம் போனமை தொழில் வரலாற்றிலே அரிய காட்சி. அம்மாத இறுதியில் ஒல்லாந்தின் ஸ்பைக்கர் கம்பனி சாப்பை வாங்க உடன்பட்டது. ஆண்டுக்குச் சில பத்து வண்டிகளே செய்த கம்பனி அது. அன்பும் துணிவும் அதனிடம் இருந்தன; முதல் இல்லை.

2011 ஏப்ரலிலே, பணம் பெறாத பாக விநியோகத்தர் பாகங்களை நிறுத்த, உற்பத்தி நின்றது. அவ்வாண்டின் கோடையிலே தொழிலாளரின் சம்பளம் தாமதமாயிற்று. ஏறத்தாழ 55,000 மக்களே வாழ்ந்த ட்ரொல்ஹெத்தானில் சாப்போடு தொடர்பில்லாத குடும்பம் அரிது. செப்ரெம்பரிலே தொழிற்சங்கங்கள் ஒரு கொடிய தேர்வின் முன் நின்றன. கம்பனியை வங்குரோத்தாக்குமாறு நீதிமன்றத்திடம் கேட்டால், அரசின் உத்தரவாதத்தினால் உறுப்பினரின் சம்பளம் கிடைக்கும். ஆனால் வேலைத்தலம் அழியும். கேட்காவிடின் வேலைத்தலம் பெயரளவில் இருக்கும். வீட்டிலே அடுப்பு எரியாது. அவை மனுச் செய்தன. தாம் கட்டியெழுப்பியதன் முடிவைத் தாமே கோரவேண்டிய நிலைக்குத் தொழிலாளர் தள்ளப்பட்டமை இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பக்கம். கார்களின் அழகைப் போற்றும் நூல்கள் பெரும்பாலும் இதனைக் கடந்து சென்றுவிடுகின்றன.

இறுதி நம்பிக்கை சீன முதலீட்டாளரிடம் இருந்தது. ஆனால் சாப்பின் புதிய கார்களுக்குரிய தொழினுட்ப உரிமம் ஜெனரல் மோட்டோர்ஸின் கையில் இருந்தது. சீனாவிலே தனக்குள்ள சொந்த வியாபாரத்துக்குக் கேடு விளையும் எனக் கருதிய அக்கம்பனி உரிமம் மாறுவதற்கு இசையவில்லை. டிசெம்பர் 19இலே எல்லாம் முடிந்தது. 3,000க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். 1967இலே எஞ்சினை விலைக்கு வாங்கிய கம்பனி தன் தீர்மானங்களைத் தானே எடுத்தது. 2011இலே அதே கம்பனிக்குத் தன்னைக் காப்பாற்ற வருவோரிடம் தன் காரையே கொடுக்கும் உரிமை இருக்கவில்லை. இவ்விரு நிலைகளுக்குமிடையிலுள்ள தூரமே வீழ்ச்சியின் உண்மையான அளவு.

சாப் சிறியதாக இருந்தமையால் அழிந்தது என்ற வாதத்தை இங்கு மீண்டும் எடுத்து நோக்கலாம். அதே நாட்டின் வொல்வோ கார்க் கம்பனியும் 1999இலே அமெரிக்காவின் ஃபோர்ட் கம்பனிக்கு விற்கப்பட்டது. 2010இலே சீனாவின் ஜீலி அதனை வாங்கியது, வொல்வோ பிழைத்தது. சாப்பைவிட ஏறத்தாழ மும்மடங்கு கார்களை அது விற்றமை ஒரு காரணம். 'பாதுகாப்பு' என்ற ஒற்றைச் சொல்லிலே தன் இருப்பின் நியாயத்தை அது எந்த உரிமையாளரிடமும் எடுத்துரைக்க முடிந்தமை மற்றொரு காரணம். சாப்பின் நியாயமோ பல சிறிய காரணங்களாகச் சிதறிக் கிடந்தது. பனி, இருள், முழங்கால், முதுகு, காட்டுமான் என்ற அக்காரணங்களை அறிந்தோர் தொழிற்சாலைக்குள்ளே இருந்தனர். கணக்கேட்டில் அவற்றுக்கு இடமில்லை. அளவு சிறிதாயினும் காரணத்தை உரக்கச் சொல்லத் தெரிந்திருந்தால் அது பிழைத்திருக்கும் என உறுதியாகக் கூறமுடியாது. சொல்லத் தெரியாமற் போனமை அழிவை விரைவுபடுத்தியது எனக் கூறலாம்.

வங்குரோத்தின் பின் நெவ்ஸ் என்னும் நிறுவனம் சொத்துக்களை 2012இலே வாங்கியது. 2013 டிசெம்பரிலே சாப் பெயரோடு சில கார்களையும் செய்தது. மறு ஆண்டின் மே மாதத்திலே உற்பத்தி நின்றது. ஓகஸ்டிலே பெயரைப் பயன்படுத்தும் உரிமையும் போயிற்று. அப்பெயரின் உரிமை இன்றும் விமானங்கள் செய்துவரும் சாப் கம்பனியிடமே உள்ளது. உதிரிப் பாகங்களைச் செய்து வழங்கிய கிளைக் கம்பனியைச் சுவீடன் அரசு கடனுக்கு ஈடாகப் பெற்றுத் தொடர்ந்து நடத்தியமையால், ஓடும் வண்டிகள் உடனே நின்றுபோகவில்லை.

ட்ரொல்ஹெத்தானிலிருந்த கம்பனி நூதனசாலையின் கார்களும் 2012 ஜனவரியிலே கடன்காரருக்காக விற்பனைக்கு வந்தன. தனித்தனியே விற்றால் அவை உலகெங்கும் சிதறியிருக்கும். நகரசபையும் விமானக் கம்பனியும் வாலன்பேர்க் குடும்பத்தின் அறக்கட்டளையொன்றும் சேர்ந்து முழுத் தொகுதியையும் வாங்கின. வேலையிழந்தோர் நிறைந்த நகரமொன்று, தன் சபையின் பணத்திலே ஒரு பகுதியைப் பழைய கார்களுக்காகச் செலவிட்டமை வியப்புக்குரியது. அக்கார்களைத் தகடு தகடாக அடித்து உருவாக்கியோரும் அவர்தம் பிள்ளைகளும் அந்நகரிலேயே வாழ்ந்தனர் என்பதை எண்ணும்போது வியப்பு நீங்கிவிடுகிறது.

ஆசனத்துக்கு வெப்பமூட்டல் இன்று பல கம்பனிகளின் சாதாரண வசதி. சிறிய எஞ்சினுக்கு டேர்போ பொருத்தி வலுவைப் பெறுவதும் பெற்றோலைச் சேமிப்பதும் உலகக் கார்த் தொழிலின் பொதுவழி. அவற்றைப் பயன்படுத்துவோர் சாப்பை நினைப்பதில்லை, நினைக்கவேண்டியதும் இல்லை. பயனுள்ள காரணத்தோடு பிறந்தவை பெயரை இழந்தும் வாழ்கின்றன. ஆசனங்களுக்கு நடுவேயிருந்த திறப்போ, திறப்பே தேவைப்படாது பொத்தானை அழுத்தி எஞ்சினை முடுக்கும் இக்காலத்திலே, பழைய சாப் கார்களை இன்னும் ஓட்டுவோரின் கைப்பழக்கமாக மட்டும் எஞ்சியுள்ளது.